வாப்பாவின் குரலும் 500 என்ற இலக்கமும்: கணினிக் கோப்புக்கு உரிமையாளர் வந்த கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் லினக்ஸ் பாவிப்பவர்களும், அலுமாரிக்குள் பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கணினிப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

2010ஆம் ஆண்டு, எங்கள் வாப்பா ஹயாத்தோடு இருந்தபோது, அவரை முற்றத்துக் கதிரையில் இருத்தி நிறையக் கதைக்க வைத்தோம். ஊரின் பழைய ஆட்கள், பெருவெள்ளம் வந்த காலம், வயற்காணியின் எல்லை எந்த மரத்திலிருந்து எந்த வாய்க்கால் வரை என்பதெல்லாம் அவர் வாயாலேயே சொன்னார். ஒலிப்பதிவு செய்து, அப்போது வீட்டில் இருந்த கணினியில் சேமித்தோம். அதில் ஓடியது நண்பர் ஒருவர் இறுவட்டில் தந்த லினக்ஸ். சில வருடங்களில் கணினியின் மதர்போர்ட் பழுதானது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தோம். பிறகு வாப்பாவும் எங்களை விட்டுப் போய்விட்டார்.

கடந்த பாடசாலை விடுமுறையில் எல்லோரும் கூடியிருந்தபோது வயலின் கிழக்கு எல்லை பற்றிக் கதை வந்தது. கதை கொஞ்சம் சூடாகவும் போனது. அப்போதுதான் தங்கச்சி கேட்டாள்: "வாப்பா அதைத் தெளிவாச் சொல்லியிருக்காரே, அந்த ரெக்கோர்டிங் எங்க?"

ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, இப்போது பாவிக்கும் மடிகணினியில் இணைத்தோம். இதிலும் லினக்ஸ்தான். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோப்புறையின் மேல் ஒரு பூட்டு அடையாளம். மகன் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வாப்பா, மூத்தவாப்பாட ஃபோல்டருக்குள்ள போக ஏலாதாம். பர்மிஷன் இல்லையாம்."

பதிவு செய்தவர்கள் நாங்கள், டிஸ்க்கும் எங்களுடையது. பயனர் பெயரைக்கூட அன்று வைத்த அதே பெயரில்தான் இன்றும் வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் கணினி எங்களை அந்நியர்களாகப் பார்த்தது. தெரிந்த தம்பி ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். "டெர்மினலைத் திறந்து 777 போடுங்க சேர், எல்லாம் திறந்துடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாங்கள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்வதற்கு, இந்தப் பூட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது ஐம்பது அறுபது வருடத்துக் கதை.

*

ஆரம்பகாலக் கணினிகளில் கோப்புக்கு உரிமையாளர் தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒருவரின் வேலைதான் ஓடும். முடிந்ததும் அவர் தன் துளை அட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். 1961இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற முறைமையைக் காட்டினார்கள். ஒரே கணினியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்து பாவிக்க வழி செய்த முறைமை அது. பலர் ஒரு வீட்டுக்குள் வந்தால் யாருடைய பெட்டி யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வரும். கணினியில் கடவுச்சொல் பரவலாக அறிமுகமானதும் அங்கேதான்.

அந்தப் பாதுகாப்பு பலமானதல்ல. ஒருமுறை நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரு வேறு கோப்புகளைத் திருத்தியபோது, அன்றைய அறிவித்தல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் வந்து நின்றன. உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பட்டியல் திரையில் ஓடியது. இதைக் கொர்பாட்டோவே பின்னாளில் தன் டூரிங் விருது உரையில் சொல்லியிருக்கிறார்.

அடுத்து வந்தது மல்டிக்ஸ். எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் 1960களின் நடுப்பகுதியில் தொடங்கிய பெரிய திட்டம். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல் இருந்தது. இன்னார், இன்ன வேலைத்திட்டத்தைச் சேர்ந்தவர், இவர் வாசிக்கலாம், இவர் எழுதலாம் என்று பெயர் சொல்லி எழுதப்பட்ட பட்டியல். காணி உறுதியில் பெயர் எழுதுவது போன்ற ஒழுங்கு. அதற்கு வேண்டிய கணினி மிகப் பெரியது, வேலையும் தாமதமானது. 1969இல் பெல் ஆய்வகம் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது.

விலகி வந்தவர்களில் கென் தொம்சனும் டென்னிஸ் ரிச்சியும் இருந்தார்கள். மல்டிக்ஸின் நல்ல அம்சங்கள் அவர்கள் மனதில் இருந்தன, கையில் பெரிய கணினி இல்லை. தொம்சன் 1969இல் ஒரு சிறிய பிடிபி-7 கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்கினார். அடுத்து வந்த பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட். டிஸ்க் அரை மெகாபைட். நம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரண புகைப்படம்கூட அந்த டிஸ்க்கில் அடங்காது.

அவ்வளவு சிறிய இடத்தில் ஒவ்வொரு கோப்பிலும் பெயர்ப் பட்டியல் எழுத முடியாது. எனவே கோப்பின் விபரக்குறிப்பில் உரிமையாளருக்கென்று ஒரேயொரு பைட் ஒதுக்கினார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஓர் இலக்கம் எழுதலாம், அவ்வளவுதான். எந்த இலக்கம் யாருடையது என்பது வேறொரு கோப்பில் தனியாக எழுதி வைக்கப்பட்டது.

நமது பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அலுவலகப் பதிவில் சேர்விலக்கம் 500 என்று மட்டும் இருக்கும். யார் அந்தப் பிள்ளை என்று அறிய பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அதே பாடசாலைக்குள் இதில் ஒரு குழப்பமும் வராது. ஆனால் அந்தப் பதிவைப் பக்கத்து ஊர்ப் பாடசாலைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? அங்கே 500 வேறொரு பிள்ளை. அல்லது அங்கே 500 என்ற இலக்கமே இல்லை.

எங்கள் டிஸ்க்குக்கு நடந்ததும் அதுதான். அந்தப் பதிவுகள் "வாப்பாவின் மகனுடையவை" என்று டிஸ்க்கில் எங்கும் எழுதப்படவில்லை. ஓர் இலக்கம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பெயர் இருந்த பதிவேடோ பழைய கணினியின் முறைமையோடு நின்றுவிட்டது.

*

1971 நவம்பர் 3ஆம் திகதியிட்டு வந்த யூனிக்ஸின் முதலாவது கைநூலிலேயே இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று 'சோன்', அதாவது 'சேஞ்ச் ஓனர்': உரிமையாளரை மாற்று. தட்டச்சு செய்யும்போது சி, எச், ஓ, டபிள்யூ, என் என்ற ஐந்து எழுத்து. மற்றது 'சிமோட்', 'சேஞ்ச் மோட்': யார் என்ன செய்யலாம் என்பதை மாற்று. சி, எச், எம், ஓ, டி. இன்று நம் வீட்டில் ஓடும் லினக்ஸிலும் இதே பெயர்கள், இதே வேலை. ஐம்பது வருடங்களுக்கு மேல் மாறாமல் இருக்கின்றன.

இந்த இரண்டையும் வேறுபடுத்தி விளங்குவதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வீடு யாருடையது என்பது ஒரு கேள்வி. கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. சோன் முதலாவதற்கு, சிமோட் இரண்டாவதற்கு.

ஆரம்பத்தில் கதவில் இரண்டு வகை ஆட்கள்தான்: உரிமையாளர், மற்ற எல்லோரும். 1974இல் தொம்சனும் ரிச்சியும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும் அப்படித்தான். 1979இல் வெளிவந்த ஏழாவது பதிப்பில் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற மூன்று வகை நிலைத்துவிட்டது. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. மூன்று வகையினருக்கும் எல்லா உரிமையும் கொடுத்தால் 777. தம்பி சொன்ன இலக்கம் இதுதான். உரிமையாளர் பிழையாக இருக்கும்போது 777 போடுவது, வீட்டுச் சாவி தொலைந்ததென்று கதவையே கழற்றி வைப்பது போன்றது. உள்ளே போகலாம்தான், ஆனால் அந்தக் கணினியின் எந்தப் பயனரும் உள்ளே போகலாம், எதையும் அழிக்கலாம். வீடு யாருடையது என்ற பிழையோ அப்படியே இருக்கும். சில மென்பொருள்கள் இப்படித் திறந்து கிடக்கும் கோப்பை நம்பவும் மாட்டா. தூரத்துக் கணினிக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டால், அந்தச் சாவியை ஏற்க அது மறுத்துவிடும்.

இன்னொரு விடயமும் அந்தப் பழைய கைநூல்களில் இருக்கிறது. 1971இல் கோப்பின் உரிமையாளரே தன் கோப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். நாம் காணியை எழுதிக் கொடுப்பது மாதிரி. 1979 பதிப்பில் அந்த உரிமை இல்லை. மேற்பயனர், அதாவது இலக்கம் 0 கொண்ட 'ரூட்' மட்டுமே உரிமையாளரை மாற்றலாம். யார் எவ்வளவு டிஸ்க் இடம் பாவிக்கிறார் என்று கணக்கெடுக்கும்போது, தன் கோப்புகளை அடுத்தவர் பெயரில் எழுதிவிட்டுத் தப்பிக்கலாம் என்பது கைநூல் சொன்ன காரணம். அப்படிக் கணக்கெடுக்கும் ஏற்பாடே அந்த முறைமையில் இல்லை என்று அதே வரியில் நகைச்சுவையாகவும் சொல்லியிருந்தார்கள். யூனிக்ஸின் வேறு சில கிளைகள் பழைய வழக்கத்தை வைத்துக்கொண்டன. லினக்ஸ் இந்தக் கண்டிப்பான வழியைத்தான் பின்பற்றுகிறது. அதனால்தான் நம் சொந்தக் கோப்பின் உரிமையை மாற்றவும் ரூட்டின் அனுமதி வேண்டியிருக்கிறது.

அந்த அனுமதியைத் தற்காலிகமாகத் தரும் கட்டளை 'சூடு'. 1980 அளவில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பொப் கொக்‌ஷால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதியது. 2004 ஒக்டோபரில் வந்த உபுண்டு, ரூட் கணக்கைப் பூட்டி வைத்துவிட்டு சூடுவையே வழமையாக்கியதால் அது வீடுகளுக்குள்ளும் வந்தது. நம் காதுக்குத் தமிழ் 'சூடு' போலவே கேட்கும். கையைச் சுடவும் செய்யும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம்.

*

லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது, 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, தான் ஒரு பணிசெயல் முறைமை எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அது யூனிக்ஸைப் போலவே நடந்துகொண்டது. உரிமையாளர் என்றால் இலக்கம் என்பதும் அப்படியே வந்தது. இலக்கத்துக்கான இடம் மட்டும் பெருகியது. 2001இல் வந்த 2.4 கருவிலிருந்து 32 பிட். உலகில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப் பார்த்தால் அதில் பாதிப் பேருக்குக் கிட்டக் கொடுத்துவிடலாம்.

ஆனால் எந்த இலக்கத்திலிருந்து தொடங்குவது? சிறிய இலக்கங்கள் ரூட்டுக்கும் முறைமையின் உள் வேலைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. மனிதர்களுக்கு எங்கிருந்து என்பதை ஒவ்வொரு லினக்ஸ் குடும்பமும் தன் பாட்டில் தீர்மானித்தது. டெபியனும் அதன் வழி வந்த உபுண்டுவும் 1000. ரெட் ஹெட், ஃபெடோரா குடும்பம் 500. நம் நாட்டிலேயே சிங்களத்தையும் தமிழையும் மனதில் வைத்து உருவாக்கப்பட்ட ஹந்தான லினக்ஸும் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டதுதான். 2011இல் வந்த ஃபெடோரா 16 தானும் 1000க்கு மாறியது. அதற்குப் பிறகு வீட்டுக் கணினியில் முதற்பயனர் பெரும்பாலும் 1000தான்.

எங்கள் பழைய கணினியில் இருந்தது ஃபெடோரா குடும்பம், ஆண்டு 2010. எனவே நாங்கள் 500. மடிகணினியில் நாங்கள் 1000. பயனர் பெயர் ஒன்றுதான், ஆனால் கணினி பெயரைப் பார்க்கவில்லை. அத்தோடு ஃபெடோரா வீட்டுக் கோப்புறையை உரிமையாளருக்கு மட்டுமே திறந்து வைக்கும். 1000 என்பவர் 500இன் வீட்டுக்குள் வர ஏலாது என்று கணினி சொன்னது சட்டப்படி சரி.

இது டிஸ்க்கின் பழுதல்ல. யாருடைய பிழையும் அல்ல. காரணம் தெரிந்ததும் மனதில் இருந்த பயம் பாதியாகக் குறைந்தது.

*

இப்போது கை சுட்ட கதை. சில வருடங்களுக்கு முன் வேறொரு கணினியில் இதே மாதிரி உரிமை மாற்றப் போனோம். கோப்புறையின் பாதையை எழுதும்போது முதலாவது சாய்கோட்டுக்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனியாக நிற்கும் சாய்கோடு என்றால் லினக்ஸுக்கு முழுக் கணினியும் என்று பொருள். உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் என்று வேறு சொல்லியிருந்தோம். சில வினாடிகளில் நிறுத்தினோம், அதற்குள் சூடுவின் உரிமையாளரும் மாறிவிட்டார். சூடு வேலை செய்ய வேண்டுமானால் அதன் உரிமையாளர் 0ஆக இருக்க வேண்டும். எனவே திருத்துவதற்கான கருவியே உடைந்தது. கடைசியில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவினோம்.

அந்த அனுபவத்தால் இம்முறை அவசரப்படவில்லை. செய்தது இவ்வளவுதான்:

1. முதலில் பார்த்தோம், எதையும் மாற்றவில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைக்கு '-என்' என்ற தெரிவைக் கொடுத்தால் உரிமையாளரின் பெயருக்குப் பதில் இலக்கத்தையே காட்டும். 500 என்று வந்தது. 'ஐடி' என்ற கட்டளை எங்கள் இலக்கத்தைச் சொன்னது: 1000.

2. பிரதி எடுத்தோம். சூடுவோடு 'சிபி' கட்டளையின் '-ஏ' தெரிவைப் பாவித்து, உரிமையாளர், திகதி எதுவும் மாறாமல் இன்னொரு டிஸ்க்குக்கு. பென் ட்ரைவ் இதற்குப் பொருந்தாது. அவற்றில் வழக்கமாக இருக்கும் ஃபாட் வகை, 1970களில் ஒருவர் பாவிக்கும் சிறு கணினிகளுக்காகப் பிறந்தது. உரிமையாளரை எழுத அதில் இடமே இல்லை. அதில் சோன் கட்டளையும் பலிக்காது.

3. பிரதியில் மட்டும், அந்தக் கோப்புறையில் மட்டும், சோன் கொடுத்தோம். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் என்பதற்குப் பெரிய எழுத்தில் '-ஆர்'. அதோடு '--ஃப்ரொம்=500' என்ற தெரிவு. 500இன் பெயரில் உள்ளதை மட்டும் 1000க்கு மாற்று, மற்றதைத் தொடாதே என்று அதற்குப் பொருள். லினக்ஸில் வழமையாக இருக்கும் சோனில் இது உண்டு. 2010இல் நாங்கள் இதை அறிந்திருக்கவில்லை.

4. என்டர் அழுத்துமுன் மகனிடம் பாதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். இடைவெளி எங்கே, சாய்கோடு எங்கே என்று. வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

இன்னொரு வகைச் சிக்கலும் வீடுகளில் வருவதுண்டு. படமாகத் திறக்கும் செயலிகளைச் சூடுவோடு இயக்கினால், உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே ரூட்டின் பெயரில் கோப்புகள் உருவாகலாம். மறுநாள் கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் உள்நுழைவுத் திரை திரும்பத் திரும்ப வந்து நிற்கும். கணினியைப் புதிதாக நிறுவ ஓடாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் எழுத்துத் திரை வரும். அங்கே உள்நுழைந்து உங்கள் வீட்டுக் கோப்புறையை முன்போல '-என்' கொடுத்துப் பாருங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளும் தெரிவதற்கு '-ஏ'யும் சேருங்கள். 0 என்று நிற்கும் கோப்பை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும். பல தடவை அதிலேயே தீர்ந்துவிடும்.

*

கோப்புறை திறந்தது. தங்கச்சியை அழைத்தோம், நானாவும் வந்தார். மூன்றாவது பதிவில் வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறார். பின்னால் சேவல் கூவுகிறது. கிழக்கு எல்லையை அவர் சொல்லும் இடம் வந்தபோது யாரும் மூச்சு விடவில்லை. அது நாங்கள் யாரும் நினைத்துக்கொண்டிருந்த இடமல்ல, எங்களுக்கு இரண்டு அடி குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் வாப்பாவே சொல்லிவிட்டார், கதை அத்தோடு முடிந்தது. உம்மா மட்டும் "இன்னொருக்காப் போடுங்க" என்றார். எல்லைக்காக அல்ல.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். கல்யாணப் படங்கள், காணி உறுதியின் ஸ்கேன், மௌத்தானவர்களின் குரல். எழுதியவருக்கு அது யாருடையது என்று தெரியும். டிஸ்க்குக்குத் தெரிவது ஓர் இலக்கம் மட்டும். எனவே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைக்குமுன் ஒரு சிறு காகிதத்தில் மூன்று விடயம் எழுதி ஒட்டுங்கள்: எந்த ஆண்டு, எந்த லினக்ஸ், பயனர் இலக்கம் என்ன. எங்கள் டிஸ்க்கில் இப்போது அந்தக் காகிதம் இருக்கிறது. மகனின் கையெழுத்தில்.

யாருடைய வீட்டிலாவது இப்படிப் பூட்டிக் கிடந்தால் 777 போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்போம், சேர்ந்து பார்க்கலாம். வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள்.